சில்லில்லாத வண்டில்

நேற்று முழுநாளும் மழை கொட்டித் தீர்த்தது. இந்த மாரியின் முதற் பெருமழை. தோட்டத்தின் நடுவில் ஒரு இதரை வாழைக் குலை முற்றி நிற்கிறது. இன்று வெட்டாவிட்டால் நாளைக்கு அணில்தான் சாப்பிடும். விடிந்ததும் மாட்டுக்கொட்டிலில் தொங்கிய, நீர் செய்த சில்லில்லாத இழுவையை இறக்கிக் கவிழ்த்துப் போட்டு, வழுக்கட்டும் என்று அதன் அடியில் மெழுகுதிரித் துண்டு ஒன்றைத் தேய்த்தேன். உங்கள் சேர்ச்சில் எரிந்து மிஞ்சுகிற துண்டுகளைப் பொறுக்கி ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு என்னிடம் தந்திருந்தீரே, அதில் ஒரு துண்டு. தேய்க்கத் தேய்க்க அந்த மணம் கிளம்பியது. மெழுகு மணத்தால் மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ தெரியாது. எனக்கு உடனே எரிச்சல் வருகிறது. "நார்ப்பக்கமாத் தேயும் ஐசே, குறுக்காலை தேய்க்காதையும்" என்று யாரோ பின்னால் நிற்பதுபோல இருக்கிறது. அடியில் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக். அதற்கு ஏது நார்? இதைச் சொன்னாலும் நீர் கேட்டிருக்க மாட்டீர்.

எழுதினால் கொஞ்சம் மனம் ஆறும் என்று மனுசி சொல்கிறாள். ஆறுகிறதோ இல்லையோ, நீர் குறுக்கே விழாமல் நான் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடிப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு, முப்பதை எட்டுகிற வயதில் நீர் கனடாவுக்குப் போனீர். நான் அப்பாவின் வாழைத்தோட்டத்தோடு நின்றுவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் நமக்குள் இருந்த தொடர்பு இரண்டு கடிதமும் ஒரு கலியாணப் படமும்தான். உம்முடைய மனைவி காலமான பிறகு, நீர் தாய்தகப்பனின் வீட்டைத் திருத்திக்கொண்டு தனியே வந்து குடியேறினீர். என் தோட்டத்தின் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் உம்முடைய வீடு. வந்த மூன்றாம் நாளே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஐசே, உம்மடை வாழைக்கு இடைவெளி காணாது" என்றீர். நலமா என்று கேட்கவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வசனம் அது.

அந்த வருடம்தான் என் வலது தோள் மூட்டு போயிற்று. இனிக் குலை தூக்கினால் கையை உயர்த்தவே முடியாமல் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கோடையில் பிரச்சினை இல்லை. தள்ளுவண்டிலில் ஏற்றித் தோட்டத்துக்கு வெளியே ஒழுங்கைப் பாதை வரைக்கும் கொண்டுபோய்விடலாம். மாரியில்தான் கரைச்சல். நம்முடைய செம்பாட்டு மண் நனைந்தால் வண்டிலின் சில்லை அச்சுவரை விழுங்கிவிடும். மாரியில் குலையைத் தோளில் வைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்கவும் முடிகிறதில்லை. கொழும்பில் இருக்கிற மகன் தொலைபேசியில் ஒவ்வொரு கிழமையும், "அப்பா, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிட்டுச் சும்மா இருங்கோ" என்றான். நானும் அரைமனதாகச் சம்மதித்திருந்தேன். அதை உம்மிடம் சொன்னதுதான் நான் விட்ட பிழை.

"குத்தகையோ? விசர்க்கதை கதையாதையும். சில்லுத்தானே புதையுது? சில்லைக் கழட்டிவிடுவம்" என்றீர்.

"சில்லைக் கழட்டினால் பேந்து என்னத்திலை ஓடுறது?"

"ஓடத் தேவையில்லை, ஐசே. சறுக்கும். கனடாவிலை பனிக்குள்ளை ஸ்லெட்டிலை வைச்சுத்தான் எல்லாத்தையும் இழுக்கிறது. கையாலை இழுக்கிற ஸ்லெட். நான் அங்கை எத்தனை செய்தனான்!"

அந்தக் கடைசி வசனத்தை அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆணி எங்கே அடிப்பது என்று கேட்டாலும் அதுதான் பதில். ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று கேட்டாலும் அதுதான் பதில்.

முதலாவது இழுவையை நீர் தனியே செய்தீர். சதுரக்கோட்டுக் கொப்பியில் படம் கீறி, நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் பலகை அடித்து, அடியில் இரண்டு இரும்புப் பட்டைகளை விளிம்பு கீழே பட நிறுத்திப் பூட்டினீர். பச்சைப் பெயின்ற் வேறு. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், சாமி காவுவதுபோல அதைக் காவிக்கொண்டு, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்தீர். ஒரு குலை வைத்தோம். நீர் இழுத்தீர். பத்தடி கூடப் போயிருக்காது. இரும்பு இரண்டும் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்க, பலகை மண்ணில் குந்திவிட்டது.

"மண் பிழை" என்றீர்.

"என்ன?"

"உம்மடை மண் பிடிக்குது, ஐசே. பனி உப்பிடிப் பிடிக்காது."

"என்ரை பாட்டன் காலத்திலையிருந்து இதே மண்தான் காணும். மண்ணை மாத்தேலாது. வண்டிலை மாத்தும்." நான் வெறுங்காலைச் சேற்றில் ஊன்றிக் காட்டினேன். "இஞ்சை பாரும். குதி குத்தினால் புதையுது. பாதத்தைப் பரத்தி வைச்சால் நிக்குது. அடியை அகலமா வையும்."

"அகலம் கூடினால் உராய்வு கூடும். பள்ளிக்கூடத்திலை படிச்சதெல்லாம் மறந்துபோனீர்போல."

மூன்று நாள் கழித்து, காலைத் தேத்தண்ணி நேரத்தில் வந்து முகம் நிறையச் சிரிப்போடு, "ஐசே, நான் ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறன். அடி அகலமா இருக்க வேணும்" என்றீர். மனுசி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் உள்ளே நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. நீர் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவதுக்குச் சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் போய் பீப்பாய் போன்ற ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரல் வாங்கி, அதை மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர். ஒரு ஓட்டோ பிடித்திருக்கலாம். பரலுக்கு நோகும் என்று நினைத்தீரோ தெரியாது. அதை நீளவாட்டில் பிளந்து, விரித்து, இழுவையின் முழு அடிக்கும் ஒரே தகடாகப் போடுவது உம்முடைய திட்டம். விரித்த பிளாஸ்டிக் மறுபடி சுருண்டது. மேலே கல்லு வைத்தீர்; கல்லை எடுத்தால் சுருண்டது. கடைசியில் கொதிதண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கண்டுபிடித்து, என் மனுசியின் பெரிய கிடாரப் பானையை அடுப்பில் ஏற்றினீர்.

"அண்ணை, அது நான் கோயிற் பொங்கலுக்கு வைச்சிருக்கிற கிடாரம்" என்றாள்.

"தண்ணிதானே தங்கச்சி. தண்ணிக்கு ஒரு சமயமும் இல்லை."

"தண்ணிக்கு இல்லை. அதுக்குள்ளை நீங்கள் தோய்க்கிற பரலுக்குள்ளை முந்தி என்ன கிடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

அன்று நீர் கொதிதண்ணீரில் வளைத்துத் தட்டையாக்கிய அந்தத் தகடு உண்மையாகவே வழுக்கியது. அதை மறுக்க மாட்டேன். இரண்டு குலையை வைத்து இடது கை ஒன்றால் இழுத்தேன். "பாத்தீரோ! பாத்தீரோ!" என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினீர். வரம்புக்கு வந்ததும் இழுவை பக்கவாட்டில் வழுக்கிக் குலை இரண்டையும் வாய்க்காலுக்குள் கொட்டியது. நான் முன்னால் இழுக்க அது தன்பாட்டில் சரிந்து போனது. இன்னொன்றும் இருந்தது. மூச்சு வாங்க ஒரு நிமிடம் நிறுத்தினால் சேறு அந்தத் தட்டை அடியை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தோம். பொளுக்கென்று விட்டது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். அறுபது தாண்டிய இரண்டு கிழவர்கள் சேற்றில் கிடப்பதைப் பார்த்து மனுசி கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீர் மட்டும் எழும்பவும் இல்லாமல், படுத்தபடியே சட்டைப்பைக்குள் பென்சிலைத் தேடினீர்.

மூன்றாவதுதான் இன்று காலை நான் மெழுகு தேய்த்தது. அதற்கு ஒரு வருடம் எடுத்தீர். ஒரு வருடம், காணும்! அடியை ஒரே தகடாக வைக்காமல், அதே பிளாஸ்டிக்கை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் இரண்டு கட்டைகளாக வைத்து நடுவில் இடைவெளி விட்டால் சேறு உறிஞ்சாது, நேராகவும் போகும் என்பதை இரண்டாம் நாளே சொல்லிவிட்டீர். மிச்சம் முழுவதும் அந்த இரண்டு கட்டையைத் தேடிய கதைதான். முன்பக்கம் மேலே வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மண்ணில் குத்தும். பலகையில் வளைவாக வெட்டி எடுப்போம் என்றேன்.

"வெட்டின வளைவு உடையும். வளந்த வளைவு உடையாது" என்றீர். ஒரே மாதிரி வளைந்து வளர்ந்த இரண்டு பூவரசங் கொப்பைத் தேடி ஊரில் உள்ள வேலியெல்லாம் பார்த்துத் திரிந்தீர். சனம் என்னிடம் வந்து, "உங்கடை சிநேகிதர் எங்கடை காணியை ஏன் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறார்?" என்று கேட்டது. நான் என்ன சொல்ல? ஒரு கொப்புக் கிடைத்து ஐந்து மாதம் கழித்துத்தான் அதற்குச் சோடி கிடைத்தது.

பிறகு என் இடுப்பை அளந்தீர். அளவு நாடாவோடு வந்து, "கையைத் தூக்கும்" என்றீர்.

"என்ன, எனக்குக் காற்சட்டை தைக்கப் போறீரோ?"

"கையாலை இழுத்தால் தோள் நோகும். இடுப்பாலை இழுக்க வேணும். மூச்சை உள்ளுக்கு இழுக்காமல் நில்லும், ஐசே. உள்ள வயிறுதான் தோட்டத்துக்கு வரும்."

பழைய வாகனம் ஒன்றின் இருக்கைப் பட்டியை வெட்டி, என் இடுப்புக்கு அளவாகத் தைத்து, அதிலிருந்து இரண்டு கயிறு இழுவையின் இரண்டு மூக்குக்கும் போகும்படி வைத்தீர். அப்போது எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. மாரி தொடங்கிவிட்டது, குலை முற்றுகிறது, இழுவை இன்னும் முடியவில்லை என்ற யோசனைதான் இருந்தது.

நம் சண்டை வந்தது இரண்டு கட்டையையும் இணைக்கிற குறுக்குச் சட்டங்களில். பனைமரச் சலாகையில் நாலு சட்டம் சீவி வைத்திருந்தீர். நான் சுன்னாகத்தில் இருந்து நல்ல தடித்த போல்ற்றும் நட்டும் வாங்கி வந்தேன். பூட்டினால் அரைமணித்தியால வேலை. நீர் அவற்றைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றால்தான் கட்ட வேண்டுமாம். பூட்டினால் விறைத்து நிற்குமாம். வரம்பு ஏறி இறங்கும்போது இழுவை கொஞ்சம் ஆட வேண்டுமாம். ஒவ்வொரு மூட்டாக நனைத்த கயிற்றால் கட்டி, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி கட்டினீர். நாலு நாளில் மூன்று மூட்டு முடிந்திருந்தது.

ஐந்தாம் நாள் என் வாய் கட்டுமீறிப் போய்விட்டது.

"உமக்கென்ன காணும்! உமக்குத் தோட்டமும் இல்லை, பக்கத்திலை பிள்ளையும் இல்லை. பொழுது போகாமல் என்ரை தோட்டத்திலை வந்து விளையாடுறீர். போதும். நாளைக்கே குத்தகைக்கு விடுறன்."

மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இழுவையை இடுக்கிக்கொண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் போய்விட்டீர். பதினாறு நாள் வரவில்லை. நானும் போகவில்லை. மனுசி மட்டும் இடியப்பமும் சொதியும் வேலியால் கொடுத்துவிட்டாள். கோப்பைகள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன. "போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்று அவள் ஒவ்வொரு நாளும் சொன்னாள். நீர் வரட்டும் என்று இருந்தேன்.

பதினேழாம் நாள் புயல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அடித்தது. காலையில் பார்த்தால் வாழையில் பாதி முறிந்து கிடக்கிறது. அத்தனையும் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் வெட்டுகிற பருவத்துக் குலைகள். தோட்டம் முழுக்கக் கணைக்கால் அளவு சேறு. குலையை இரண்டு நாளுக்குள் வெளியே எடுக்காவிட்டால் அழுகிவிடும். யாரைக் கூப்பிட? ஊரில் எல்லாருக்கும் அதே நிலைமை. நான் ஒரு குலையை இடது தோளில் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து, வழுக்கி, முழங்காலில் விழுந்தேன். அங்கேயே சேற்றில் இருந்துகொண்டு, மகனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அப்போது விழுந்து கிடந்த வேலிக்கு மேலால் நீர் வந்தீர். மஞ்சள் நிறத்தில் ஒரு கனடா மழையங்கி. தோளில் இழுவை.

"கயிறு கட்டியாச்சு. எழும்பும்" என்றீர்.

பட்டியை என் இடுப்பில் நீரே மாட்டிவிட்டீர். ஐந்து குலை ஏற்றினோம். முன்னால் சாய்ந்து ஓர் அடி வைத்தேன். அது வந்தது. தோளில் ஒரு பாரமும் இல்லை. இடுப்பு இழுத்தது, கால் நடந்தது. முறிந்த வாழைக்குற்றியின் மேல் ஏறியபோது இழுவை முழுவதும் நெளிந்து, ஒரு பக்கம் உயர்ந்து, மறுபடி தட்டையாக இறங்கியது. ஒரு மூட்டும் விடவில்லை. ஒழுங்கையில் குலை ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி நின்ற இடம் வரைக்கும் நான் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் நீர் பக்கத்தில் ஓடிக்கொண்டு, "இடது பக்கம் பாரம் கூட! அடுத்த முறை சரியா அடுக்கும்!" என்று கத்துகிறீர்.

இரண்டு நாள் இழுத்தோம். மாறி மாறி இழுத்தோம். என் இடுப்புக்குத் தைத்த பட்டி உமக்குத் தொளதொளத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் நீர் ஒரு குற்றியில் குந்திவிட்டீர். முகம் வெளிறிக் கிடந்தது. "தேத்தண்ணி இல்லையோ?" என்றீர். "இப்ப இருக்கிற நேரமோ காணும்? இன்னும் இருவது குலை கிடக்கு" என்று நான் விரட்டினேன். நீர் எழும்பி வந்தீர். உமக்கு இருதயத்தில் அடைப்பு இருந்ததும், மருந்துக் குளிசை போட்டுக்கொண்டிருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? வாழைக்கு இடைவெளி காணாது என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு, எனக்கு நெஞ்சு சரியில்லை என்று ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லையா?

கடைசிக் குலையும் ஏறி, லாண்ட்மாஸ்டர் போன பிறகு, இரண்டு பேரும் வாய்க்காலில் கால் கழுவினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறந்தால், "கயிறு பரவாயில்லை" என்று வருகிறது.

நீர் இழுவையைப் பார்த்துக்கொண்டே, "பின்பக்கத்தை ஒரு விரலளவு உயர்த்த வேணும். இது சரியில்லை" என்றீர்.

அன்று பின்னேரமே மகனுக்குப் போன் எடுத்து, குத்தகைக்கு விடவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். இழுவை என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

நாலாவது இழுவைக்கு நீர் மாசி மாதமே படம் கீறத் தொடங்கினீர். ஓடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மரம் அறுக்க எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னீர். எட்டரை ஆகியது. ஒன்பது ஆகியது. வாளையும் எடுத்துக்கொண்டு உம்முடைய வாசற் படலையடிக்குப் போனேன். கூப்பிட்டேன். சத்தம் இல்லை. எனக்குக் கோபம் ஏறியது. "காணும்! எட்டு மணி எண்டு சொன்னது நீர்! வேலையில்லாத மனுசனெண்டு நினைச்சீரோ என்னை? கட்டிலிலை கிடந்துகொண்டு இன்னும் கோடு கீறுறீரோ?" என்று ஒழுங்கையே கேட்கக் கத்தினேன். பத்து நிமிடம் நின்று ஏசியிருப்பேன். பிறகு பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்.

விடிய முன்னமே உயிர் போயிருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஆகவே நான் ஏசியது ஒன்றும் உமக்குக் கேட்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது. இப்போதும் அந்தப் படலையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

உமது மகள் கனடாவிலிருந்து நாலாம் நாள் வந்து சேர்ந்தாள். சேர்ச் வளவில் அடக்கம். பெட்டிக்கு நான் இடது தோள் கொடுத்தேன். வலது தோளைக் கொடுக்கப் போனபோது உம்முடைய மகள் வந்து தடுத்தாள். "மாமா, அந்தத் தோள் இல்லை. அப்பா சொன்னவர்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொட்டிலில் தொங்கிய இழுவையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதுதானோ அது?"

"இதுதான். உங்கடை அப்பா அங்கை எத்தினையோ செய்தவராம். இஞ்சை ஒண்டு செய்ய எனக்கு ரண்டு வருசம் சீவனை வாங்கிப்போட்டார்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அங்கை செய்தவரோ? ஆர் மாமா சொன்னது? அப்பா அங்கை ஒரு வாள்கூடப் பிடிச்சதில்லை. ரண்டு இடத்திலை வேலை, வந்தால் நித்திரை. கடையிலை வாங்கின ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்லெட்தான் எங்களிட்டை இருந்தது. அதிலை என்னை இருத்திப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்."

எத்தனை செய்தனான், எத்தனை செய்தனான் என்று இரண்டு வருடம் என் காதைத் தின்ற மனிதன்! நான் ஒவ்வொரு முறையும் அதற்கு அடங்கிப் போனேனே! "பொய்யன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். செத்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் சொல்லலாமா என்று பிறகுதான் உறைத்தது. அவள் சிரித்தாள்.

"இழுத்துக்கொண்டு போகேக்கை என்ன கதைப்பார்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கமாட்டார். அங்கை அப்பா கதைக்கிறதே குறைவு, மாமா. அம்மாவோடையும்தான். நாங்கள் எல்லாரும் அவர் அமைதியான ஆளெண்டுதான் நினைச்சது."

"ஆர், உங்கடை அப்பாவோ?"

"ஓம். இஞ்சை வந்த பிறகுதான் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்துக் கதை கதையெண்டு கதைப்பார். முழுக்க உங்களைப் பற்றித்தான். நீங்கள் ஏசினது, போல்ற் வாங்கிக்கொண்டு வந்தது எல்லாம். அடியை அகலமா வைக்கச் சொன்னது நீங்களாமே. 'அவர்தான் மண் தெரிஞ்ச ஆள்' எண்டு சொல்லுவார்." இழுவையின் கயிற்று முடிச்சு ஒன்றைத் தடவினாள். "அப்பா ஒரு ஆளோடை சண்டை பிடிப்பார் எண்டே எனக்குத் தெரியாது."

மண் தெரிந்த ஆள்! கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையிடம் சொல்லத் தெரிந்ததை, நாலடி தூரத்தில் நின்ற என்னிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதை உம்மிடம் கேட்டு ஒரு நல்ல சண்டை பிடிக்க முடியாமல் இருப்பதுதான் எனக்கு இந்த எட்டு மாதமும் பெரிய கரைச்சல்.

போன கிழமை அவள் அங்கிருந்து போன் எடுத்தாள். தன் மகனுக்கு மரத்தில் ஒரு இழுவை செய்ய வேண்டுமாம், அளவு தாங்கோ மாமா என்றாள். நான் கொடுக்கலாம், ஆனால் இது சேற்றுக்குச் செய்த இழுவை. பனியை நான் கண்ணால் கண்டதில்லை. முப்பது வருடம் அதற்குள் இருந்துவிட்டு வந்து, எனக்குப் பிரயோசனமாக அதைப் பற்றி ஒரு வசனம்கூட நீர் சொல்லிவைக்கவில்லை. "பனிக்குள்ளை கால் எவ்வளவு புதையும்?" என்று கேட்டேன். "அது நாளைப் பொறுத்தது மாமா" என்கிறாள். நாளைப் பொறுத்ததாம்! அப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்ய? போய் நின்று அளந்து அனுப்பு என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடுத்த நாள் படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற தரையில் ஒரு சப்பாத்துக் குழி. பக்கத்தில் பொடியனின் பள்ளிக்கூட அடிமட்டம் குத்தி நிற்கிறது. ஒன்பது அங்குலம்.

ஒரு சாண் அகலம் காணாது என்று எனக்குப் பட்டது. பிள்ளையின் பாரம் குறைவு என்பதையும் யோசித்தேன். நாலு நாள் கீறி, அழித்து, கட்டைக்குப் பத்து அங்குலம் என்று முடிவு கட்டி, நேற்று மழைக்குள் இருந்து படத்தை அனுப்பிவிட்டேன். மனுசியிடம் காட்டினேன், வடிவாய் இருக்கு என்றாள். உமது மகளிடமிருந்து ஒரு பூவும் ஒரு கைகூப்பும் வந்தது. மகனுக்கும் அனுப்பினேன், சூப்பர் அப்பா என்கிறான். ஒருவராவது பிழை என்று சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தில் ஒரு பிழை இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். எங்கே என்றுதான் தெரியவில்லை, காணும்.